பாறைக்குப் பின்னால் கொட்டிய சோறு

பத்து ஆண்டுகளுக்கு முன், ஒடுகத்தூருக்கு மேலே உள்ள காட்டோரத்தில், ஒரு பெண் சமைத்துக் கட்டிக் கொடுத்தனுப்பிய சோற்றை ஒரு பாறைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டினேன். பிறகு திரும்பி வந்து, சாப்பாடு அருமையாக இருந்தது என்று அவருக்கு எழுதிக் கொடுத்தேன். கொட்டியதற்குக் காரணம் சாதி. வயிறு சரியில்லை, வெயில் அதிகம் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. காரணம் சாதிதான்.

அப்போது எங்கள் மன்றத்துக்கு நான்தான் தலைவர். கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்த நிகழ்ச்சிக்குப் பதினைந்து நாள் முன்னால், சேர்ந்து உண்பது ஏன் முக்கியம் என்று ஒன்றேகால் மணி நேரம் பேசியிருந்தேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

மன்றத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும். அதைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்றும் தலை நிமிர்கிறது. வேலூர் லாங் பஜாரில் மிளகாய் மண்டிக்கு மேலே ஒரு டுடோரியலின் வகுப்பறை. இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் அது எங்களுடையது. படியேறும்போதே நெடி மூக்கில் ஏறித் தும்மல் வரும். தும்மாமல் மேலே வந்தவர் புது ஆளில்லை என்று அர்த்தம். கடவுள் இல்லாமலும் மனிதன் நேர்மையாக வாழலாம் என்று நம்புகிறவர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. கடவுளை நம்புகிறவர்களும் வந்து உட்கார்ந்தார்கள், யாரும் எழுந்துபோகச் சொல்லவில்லை. குடியாத்தத்திலிருந்து லுங்கி நெய்கிற ஒருவர், ஒரு செவிலியர், வங்கியில் காசாளராக இருந்தவர், தொழுகையை விடாத ஒரு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஒருவர் பேசி முடித்தால் கைதட்டக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும். கிரகணத்தன்று அந்த மொட்டை மாடியில் இட்லி சாப்பிட்டோம். தலைமையாசிரியர் முதலில் தொழுதுவிட்டு வந்து, பிறகு எங்களைவிட இரண்டு இட்லி அதிகம் சாப்பிட்டார்.

மாதக் கடைசி ஞாயிறு நடைப்பயணம். பாலாற்று மணல், பள்ளிகொண்டாப் பக்கத்து ஏரிக்கரை, ஒடுகத்தூர் மலையடிவாரம் என்று மாறி மாறிப் போவோம். அதில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். எல்லோரும் ஒரே அளவு வாழையிலை, ஒரே மாதிரிச் செய்தித்தாள், ஒரே சணலால் கட்டிய பொட்டலம் கொண்டுவர வேண்டும். கறி ஒரு பை, மரக்கறி ஒரு பை. மதியம் கண்ணை மூடிக் கையை விட்டு, வருவதை எடுத்துச் சாப்பிட வேண்டும். உள்ளே ஒரு சீட்டு இருக்கும். கொண்டுவந்தவர் பெயர் அதில் வராது, சமைத்தவர் பெயர்தான். சாப்பிட்டவர் பின்பக்கம் ஏதாவது எழுதி அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

இந்தச் சீட்டு யோசனை என்னுடையது. பெண்கள் யாரும் நடைக்கு வராத காலம். சமைத்தவர்களுக்கு ஒரு வார்த்தையாவது போய்ச் சேரட்டும் என்றேன். இதைச் சொல்லாமல் விட்டால் என் தப்பின் முழு அளவு தெரியாது.

அன்று நான் எடுத்த பொட்டலத்தைப் பிரித்ததும் சீட்டைத்தான் முதலில் பார்த்தேன். மூன்று மாதம் முன்னால் மன்றத்தில் சேர்ந்த ஒருவரின் மனைவி பெயர். கணவர் ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில், பச்சைத் தோலை ஊறவைத்து மயிர் களைகிற பிரிவில் வேலை செய்தார். எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது எனக்குத் தெரியும். அவரோடு கைகுலுக்கியிருக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன். ஆனால் அவர் வீட்டு அடுப்பில் வெந்த சோறு என்று தெரிந்ததும் என் கை சோற்றுக்குப் போகவில்லை. முள்ளு கத்தரிக்காயை முழுசாக எண்ணெயில் வதக்கி, காம்போடு, புளிச்சோற்றின் மேல் வைத்திருந்தார்கள்.

"கை கழுவிட்டு வர்றேன்" என்று பொட்டலத்தோடு எழுந்தேன். பாறைக்குப் பின்னால் கொட்டினேன். கையை எடுப்பதற்குள் இரண்டு குரங்குகள் வந்துவிட்டன.

திரும்பி வந்து சீட்டின் பின்பக்கம் எழுதினேன். "அம்மா, கத்தரிக்காயின் காம்பைக்கூட மிச்சம் வைக்கவில்லை. இவ்வளவு பக்குவமான கை வேலூர் ஜில்லாவிலேயே அரிது. வயிறும் மனமும் நிறைந்து எழுதுகிறேன்." இன்னும் ஒரு வரி இருந்தது. அதை எழுத எனக்கு இப்போது கை வரவில்லை.

அவர் கணவர் ஆவலாகக் கேட்டார். "இன்னா சார், எப்டி இருந்துச்சி?"

"சீட்டுல எழுதிட்டேன். படிச்சுக் காட்டுங்க."

அடுத்த மாதம் கூட்டத்துக்கு அந்த அம்மாவே வந்தார். தும்மிக்கொண்டே படியேறினார். அவர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர். மாதனூர் முனையில் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டுகிற நேரத்தில் இறங்குகிறவர். எட்டாவதோடு படிப்பு நின்றிருந்தது. பர்ஸிலிருந்து என் சீட்டை எடுத்துக் காட்டி, "எனக்கு எழுதனவரு யாருன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சார்" என்றார். பிறகு போகவில்லை. அடுத்த நடைக்கு வந்த முதல் பெண் அவர். அவரைப் பார்த்துச் செவிலியர் வந்தார், நெசவாளியின் மனைவி வந்தார், கடைசியில் என் மனைவியும் வந்தாள்.

இரண்டு வருடம் கழித்து அவர் முதல் முறை பேசினார். ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு, அது எத்தனை பேர் கையைத் தாண்டி வருகிறது என்று ஒவ்வொரு தையலாகக் காட்டினார். "இதப் போட்டுக்கப்போற காலு யாருதுன்னு எங்களுக்குத் தெரியாது. தச்ச கை யாருதுன்னு அவங்களுக்குத் தெரியாது. நம்ம பொட்டலம் மாரி ஒரு சீட்டு வச்சா நல்லாருக்கும்" என்றார். கைதட்டக் கூடாது என்ற விதியை அன்று நாங்கள் எல்லோரும் மீறினோம். நான்தான் முதலில் தட்டினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

இப்படியே வருடங்கள் போயின. உண்மையைச் சொன்னால் அவர் மன்றத்தை விட்டே போய்விடுவார் என்று பயந்தேன். அவர் போனால் மன்றத்தில் பாதி போய்விடும். மன்றத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று இன்னொரு பொய்யையும் அதன் மேல் அடுக்கினேன்.

சென்ற ஆண்டு நான் தலைவர் பொறுப்பிலிருந்து விலகும் நேரம் வந்தது. அடுத்து அந்த அம்மாதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஆண்டு விழாவுக்கு, மன்றத்தை நினைவூட்டும் ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுவந்து சுவரில் மாட்டலாம் என்று முடிவானது. அவர் கொண்டுவந்தது என் சீட்டு.

"லேமினேட் பண்ணிட்டேன் சார். நீங்களே மாட்டுங்க."

ஆணியும் சுத்தியலும் என் கையில் இருந்தன. "சுவர் ஈரமா இருக்கும்மா, அடுத்த மாசம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாதனூருக்குப் போனேன். அந்த அம்மா முறத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கணவர் எனக்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். பாறை, குரங்கு, சீட்டு எல்லாவற்றையும் சொன்னேன். என்ன காரணம் என்றும் சொன்னேன்.

அவர் நறுக்குவதை நிறுத்தவில்லை. கணவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "என் பக்கத்துல குந்திகினு டீ குட்சீங்களே சார்."

"ஆமாம்."

"கொரங்காச்சும் துன்னுச்சா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"தின்னுச்சு."

"புடிச்சிதாமா அதுக்கு?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு நான் உப்பே போடல சார். கம்பெனில ராத்திரி ஓவர்டைம் முட்சிட்டு வந்து, விடிகாலைல தூக்கத்துல பண்ணேன். வீட்ல மிச்சம் இருந்தத மத்தியானம் வாய்ல வச்சப்பத்தான் தெரிஞ்சிச்சி. வாய்ல வைக்க முடியல. அய்யோ, எவரு கைல போச்சோ, மானம் போச்சேன்னு உக்காந்திருக்கேன். சாயங்காலம் இவரு சீட்டக் குடுக்கறாரு. காம்பக்கூட மிச்சம் வைக்கலன்னு எழுதிருக்கு." நிறுத்தி மூச்சு வாங்கினார். "உப்பில்லாதத துன்னுட்டு ஒரு பொம்பள மனசு நோவக் கூடாதுன்னு இப்டி எழுதிருக்காரே, இவரு இன்னா மனுசன்னு பாக்கத்தான் அந்தப் படி ஏறுனேன்."

எனக்கு அப்போதுதான் நாற்காலி தேவைப்பட்டது.

அவரை மன்றத்துக்குக் கொண்டுவந்தது என் பாராட்டு என்று நினைத்திருந்தேன். இல்லை. நான் செய்யாத ஒரு நல்ல காரியம் அவரைக் கொண்டுவந்திருந்தது. ஒன்பது வருடம் அந்தக் கடன் மரியாதையை நான் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். "உங்க கையால ஒரு வாய் இப்பவே சாப்பிடறேம்மா" என்றேன். அதைக் கேட்டதும்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"இப்ப எதுக்கு? உங்க மனசு ஆறவா? ஸ்பெஷலா ஒண்ணும் வேணாம். பைல கை உடுங்க. வந்தா வருது. என்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது சார், அடுத்த கூட்டத்துல மாடியில சொல்லுங்க."

சொன்னேன். அன்று பேச்சாளர் நான்தான். காசாளர் எழுந்து, "பழைய கதை சார், விட்ருங்க, எல்லாருக்கும் பேஜாரு" என்றார். அந்த அம்மா உடனே திரும்பினார். "பழசா இல்லயான்னு நான் சொல்றேன் சார். சோறு என்னுது." தலைமையாசிரியர் தலையைக் குனிந்துகொண்டே கேள்வி கேட்டார். அந்தப் பையிலிருந்து வேறு யாருடைய பொட்டலத்தையாவது நான் கொட்டியிருக்கிறேனா என்று. இல்லை என்றேன். "அதான் சார் ஜாஸ்தி வலிக்குது" என்றார் அந்த அம்மாவின் கணவர். நெசவாளி எழுந்தார். தனக்கும் ஒருமுறை அந்த வீட்டுப் பொட்டலம் வந்ததென்றும், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியதாகவும், சாப்பிட்ட பிறகுதான் அது வெறும் சோறு என்று புரிந்ததாகவும் சொன்னார். அதைச் சொல்ல அவரை யாரும் கேட்கவில்லை. அன்று கூட்டம் முடிய நெடுநேரம் ஆனது. ஒருவரும் எழுந்து போகவில்லை. நான் வாழ்நாளில் எத்தனையோ அரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி ஒரு கூட்டத்தை வேறெங்கும் பார்த்ததில்லை.

அன்றே அவரைத் தலைவராக்கிவிடலாம் என்று யாரோ சொன்னதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "இவரு பண்ண தப்புக்கு எனக்கு நாற்காலியா? ஓட்டுப் போடுங்க" என்றார். அடுத்த மாதம் சீட்டில் எழுதி ஓட்டுப் போட்டோம். காசாளரும் நின்றார். அந்த அம்மா ஜெயித்தார். லேமினேட் செய்த சீட்டைச் சுவரில் மாட்டவில்லை. அதைக் கிழித்துவிட்டாரா, இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறாரா என்று நான் கேட்டதில்லை.

எனக்கு நானே ஒரு வேலை வைத்துக்கொண்டேன். அதுவரை என் வீட்டுப் பொட்டலத்தில் இருந்ததெல்லாம் மனைவியின் பெயர். இனி நானே சமைத்து என் பெயரை எழுதுவது என்று தீர்மானித்தேன். எழுபத்து நான்கு வயதில் புளி கரைக்கக் கற்றுக்கொண்டேன். என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "உங்கள மாதிரியே எவனாச்சும் பாறைக்குப் பின்னால போய்க் கொட்டப் போறான்" என்றாள். அவள் இன்னும் என்னை முழுசாக மன்னிக்கவில்லை. அவளுடைய கோபம் எனக்குச் சரியென்றே படுகிறது.

மூன்று மாதம் என் பொட்டலம் யார் யாருக்கோ போனது. மரியாதைக்கு, "நன்று" என்று எழுதி அனுப்பினார்கள். நான்காவது மாதம் மாதனூருக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் உட்கார்ந்தோம். தலைவர் பைக்குள் கையை விட்டு, ஒன்றை எடுத்து, பிரித்து, சீட்டைப் பார்த்தார். அது என்னுடையது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர் கணவர் மட்டும், "கொரங்கு இல்லாத எடம், பாத்துக்கோ" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தவர்களை எல்லாம் அந்த அம்மாவே சிரித்துக் காப்பாற்றினார்.

எழுந்து போகவில்லை. எங்கள் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்தே சாப்பிட்டார். பிறகு பேனாவை வாங்கி நிதானமாக எழுதி, சீட்டை என்னிடம் நீட்டினார்.

"சோறு கொழஞ்சி போச்சி. புளி ஜாஸ்தி. உப்பு சரியா இருக்கு. பாதிதான் சாப்ட முடிஞ்சது, மீதிய மடிச்சி வச்சிருக்கேன், வீட்டு ஆட்டுக்குப் போடுவேன். உண்மையத்தான் எழுதிருக்கேன்."

எனக்கு இதுவரை கிடைத்த சீட்டுகளில் நான் பத்திரப்படுத்தி வைத்திருப்பது இது ஒன்றுதான். லேமினேட் செய்யவில்லை. புளிக்கறை அப்படியே இருக்கிறது. அந்த அம்மா வீட்டுப் பொட்டலம் இதுவரை என் கைக்கு வரவில்லை. ஒவ்வொரு கடைசி ஞாயிறும் பைக்குள் கையை விடும்போது, அவர் எதிரில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். நானும் நேர்மையாகக் கண்ணை மூடிக்கொள்கிறேன்.