பின்வாசல் வழியே வந்த பிள்ளைகள்

கேரளத்தின் தெற்கெல்லையில் உள்ள கொல்லயில் என்ற ஊர்ப் பஞ்சாயத்தில் அரசு நிதியில் இளைஞர் மையம் திறந்து, ஜெயபாயை ஒருங்கிணைப்பாளராகப் போட்டபோது, பிள்ளைகள் முண்டியடித்து வருவார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். கம்ப்யூட்டர், கேரம் போர்டு, அரசு வேலைத் தேர்வுக்கான புத்தகங்கள், எல்லாம் இருந்தன. ஆள்தான் இல்லை. நாள் முழுக்க மின்விசிறிக்கு அவள் துணை, அவளுக்கு மின்விசிறி துணை.

ஒருநாள் கேட் வரை வந்து திரும்பிப் போன ஒரு பெண்ணை ஓடிப்போய் மறித்தாள். பாறசாலையில் துணிக்கடையில் நிற்கிற அஞ்சு. பிளஸ் டூவோடு படிப்பை விட்டவள்.

"ஏன் மக்கா, உள்ள வந்தா என்ன?"

"அந்த போர்டைப் பாருங்க அக்கா. பஸ்ஸில போற கூட்டுக்காரிகள் எல்லாம் வாசிப்பாளுக."

'பின்தங்கிய இளைஞர் நல மையம்' என்று ஆளுயர எழுத்து. தினமும் அதன் கீழேதான் ஜெயபாய் நடந்து போனாள், ஒருநாளும் உறைக்கவில்லை. தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மேலிடத்து அலுவலகத்துக்குப் போய் அதிகாரி சதாசிவனைப் பார்த்தாள்.

"உத்தரவில உள்ள பேராக்கும். மாத்த முடியாது."

"ஆள் வரமாட்டேங்குது சாறே."

"ஆள் வரல்லேன்னா நிதி நிக்கும்."

"போர்டை எடுத்துட்டா?"

"அப்பவும் நிக்கும்."

திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் தனக்குள் பொருமிக்கொண்டே வந்தாள். மறுநாள் எதிர்ப்பக்க வெல்டிங் கடையில் வேலை செய்யும் அபின் என்ற பையனைக் கூப்பிட்டுப் பலகையை இறக்கச் சொன்னாள். இறக்கியவன் கேரம் விளையாட உட்கார்ந்துவிட்டான். அவனைப் பார்த்து அவன் கூட்டாளிகள். கடை விட்டு வந்து அஞ்சு தேர்வுக்குப் படித்தாள். ஓணத்துக்குள் நாற்காலிக்குச் சண்டை வந்தது.

சதாசிவன் பார்வையிட வந்த அன்று கூடம் நிறைந்திருந்தது. அவர் கண்ணில் ஒரு பிள்ளையும் படவில்லை.

"போர்டு எங்க?"

அலமாரிக்குப் பின்னால் இருந்ததை எடுக்க வைத்தார். "இதுக்குக் கீழ எல்லாரும் நில்லுங்க. போட்டோ மேல அனுப்பணும்."

அஞ்சு பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியே போனாள். அவள் பின்னால் ஒவ்வொருவராக எல்லாரும் நழுவினார்கள். பலகையைப் பிடித்துக்கொண்டு அபின் மட்டும் நின்றான்.

"பிள்ளைகள் எங்க?"

"பின்தங்கிட்டாங்க சாறே," என்றாள் ஜெயபாய், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் சிரிக்கவில்லை. பிறகு வந்த அறிக்கையில், 'மையத்தைப் பற்றிப் பொதுமக்களுக்குப் போதிய அறிமுகம் இல்லை. பெரிய பலகை வைக்கவும்' என்று இருந்தது. பெரிய பலகையும் வந்தது. கழற்ற முடியாதபடி சிமென்ட் போட்டு நட்டார்கள்.

அன்றைக்கு ஜெயபாய் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்துபோய், பின்பக்கத் தென்னந்தோப்புக்காரர் கருணாகரனிடம் வேலியில் ஒரு வழி கேட்டாள். அவர் முனகிக்கொண்டே சம்மதித்தார். இப்போது எல்லாரும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள், அஞ்சு உட்பட.

மழை பெய்தால் அங்கே முழங்கால் சேறு.

"ரெண்டு கல்லாவது போடக்கூடாதா அக்கா? செருப்பு போச்சு," என்று சேறு படிந்த காலோடு அஞ்சு சத்தம் போட்டாள்.

"போடுதேன்டி, போடுதேன். அதுக்கும் நான் அந்தத் தோப்புக்கார மனுஷனையாக்கும் போய்ப் பாக்கணும்!"