பெரிய மிஸ் வீட்டுக் கதவு

"நல்லா அழு கண்ணு. ஒண்ணும் அவசரமில்ல. முடிஞ்சதும் சொல்லு, மூக்கத் துடைச்சுக்கலாம்" என்று தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்கிறார் பெரிய மிஸ். உருண்டு புரண்டு அலறிக்கொண்டிருந்த சிறுமிக்கு, யாரும் தடுக்காத அழுகையில் ருசி போய்விடுகிறது. மெல்ல அவர் மடியில் ஏறிவிடுகிறாள்.

எங்கள் தெருவில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவர். ஒரு தோளில் துண்டு, இன்னொன்றில் காயாத எச்சில் கறை. கடிக்கிற பிள்ளையிடம், "கோபம் உனக்கா, உன் பல்லுக்கா?" என்று விசாரிப்பார். அவன் யோசிப்பான், யோசிக்கிற வாய் கடிக்காது. மாலையில் பிள்ளைகளை அழைக்க வரும் எங்களுக்கு அன்றைய அழுகைகளை நடித்தே காட்டுவார். வயிறு வலிக்கச் சிரிப்போம். சரக்கு தீர்ந்தால் சொந்த மகளின் கதை.

வினை அங்கேதான் வந்தது. கடைக்குப் போன மகளைப் பார்த்து, அவள் அழுத கதையைக் காப்பக வாசலில் கேட்டிருந்த ஒரு அப்பா, "ஓ, நீதானா அது?" என்று சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து அவள் அறைக்கதவைச் சாத்திய வேகத்தில் பூட்டு உடைந்து சிக்கிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரன் ஆயிற்றே என்று என்னை ஸ்குரூடிரைவரோடு கூப்பிட்டார்கள்.

கதவுக்கு முன் சம்மணமிட்டிருந்தார் மிஸ். "கோபம் எவ்வளவு பெருசு கண்ணு? பூனை அளவா, யானை அளவா?"

"அம்மா! எனக்குப் பதிமூணு வயசு!"

"சரி, நல்லா அழு..."

"அழுதா நாளைக்கு எல்லார்கிட்டயும் நடிச்சுக் காட்டுவ. என் அழுகை என்னோடதும்மா!"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் திருகாணியைப் பார்த்தேன்.

"தப்புதான்டி" என்றார், முதல் முறையாகக் காப்பகக் குரல் இல்லாமல். "இனிமே யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"வெளிய யாரு? பக்கத்து வீட்டு மாமாவா? அவரும் சத்தியமான்னு சொல்லணும்."

சொன்னேன். பூட்டு கழன்றது. வீங்கிய கண்களோடு வந்தவள், எங்களைத் தாண்டி நேராகப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். இதை எழுத அவளிடமே அனுமதி கேட்டேன். எதற்காக அழுதாள் என்ற பழைய கதை மட்டும் வரக்கூடாது என்றாள். வரவில்லை.

மறுநாள் மாலை காப்பக வாசலில் ஓர் அம்மா ஆவலாகக் கேட்டார்: "நேத்து உங்க வீட்டுல ஒரே சத்தமாமே, என்னாச்சு மிஸ்?"

மிஸ்ஸின் உதடு துடித்தது. நடிக்க இரண்டு கைகளும் உயர்ந்துவிட்டன. பிறகு குனிந்து, அருகில் நின்ற பையனின் ஒழுங்காகப் போட்டிருந்த செருப்பு வாரைக் கழற்றி, மறுபடி மாட்டத் தொடங்கினார்.