பச்சைப் பொட்டு ஒட்டிய டிஸ்க்

எண்பதுகளின் பிற்பாதியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதைத் தொட்டுப் பழகிய முதல் ஆள் நான். தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்த பெண்ணை எல்லாரும் ஆபீஸ் குமாஸ்தா கணக்காக ‘கம்ப்யூட்டர் கிராணி’ என்று கூப்பிட்டதில் எனக்குத் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது. மறைப்பானேன்?

எந்த மலையில், அதாவது எந்தத் தேயிலைச் சரிவில், என்றைக்குப் பூச்சிமருந்து அடித்தார்கள் என்று பதிந்து வைத்தால், இன்று எந்தெந்த மலையில் கொழுந்து பறிக்கலாம் என்று புரோகிராம் பட்டியல் அச்சடித்துக் கொடுக்கும். மருந்து அடித்த மலையை எத்தனை நாள் விட்டுவைப்பது என்பது மட்டும் தனியாக ஒரு சின்னக் கோப்பில் இருக்கும். மேல் டிவிஷனுக்குப் பத்து நாள்; வேறு மருந்து அடிக்கும் கீழ் டிவிஷனுக்கு ஏழு. கீழ் டிவிஷன் ஆபீசிலும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு; புரோகிராம் இரண்டு இடத்துக்கும் ஒன்றேதான், கோப்புதான் மாறும். சோதித்துப் பார்ப்பதற்கென்று நான் மூன்றாவதாக ஒரு கோப்பு வைத்திருந்தேன். அதில் நாள் பூஜ்யம். எல்லா மலையும் பட்டியலில் வந்தால்தானே அச்சு ஒழுங்காக விழுகிறதா என்று தெரியும்?

ஒருமுறை புரோகிராமில் திருத்தம் வந்தது. சோதித்தேன், டிஸ்கில் ஏற்றினேன், அட்டை வைத்து உறையை ஒட்டி, கீழ் டிவிஷனுக்குப் போகும் லோரியில் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலை ஏழரை மணிக்கு மேசை இழுப்பறையைத் திறந்தால், கீழ் டிவிஷன் கோப்பு இருக்கும் டிஸ்க், பச்சைப் பொட்டு ஒட்டியது, வைத்த இடத்திலேயே கிடந்தது. நான் அதைத் தொடவே இல்லை. சோதித்த கோப்பை மாற்றாமலே ஏற்றியிருக்கிறேன்; உறைக்குள் போயிருந்தது நாள் பூஜ்யமாக உள்ள சோதனைக் கோப்பு.

கீழ் டிவிஷனில் முந்தின நாள்தான் பன்னிரண்டாம் நம்பர் மலைக்கு மருந்து அடித்திருந்தார்கள். என் அம்மா அங்கேதான் கொழுந்து பறித்தார். பத்து மணிக்குச் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்ப்பார். அந்தச் சரிவில் குழாய் ஏது? கையைச் சாக்குத் துணியில் துடைத்துவிட்டுச் சாப்பிடுவார்.

ராத்திரி மழையில் போன் செத்துப்போயிருந்தது. லோரிக்காகக் காத்திருந்து, அது வந்ததும் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

“ஏம்மா இப்படி வெடவெடங்குற? துரை ஏசிட்டாரா?” என்றார் டிரைவர்.

“இல்லண்ணே. சீக்கிரம் போங்க லா.”

“இந்த ரோட்டுல பறக்கவா முடியும்?”

மருந்து அடிக்கும் ஒருவர் போன வருஷம் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்ததைப் பார்த்திருந்தேன். அந்த முகத்தில் அம்மாவின் முகத்தை வைத்து வைத்துப் பார்த்தது மனசு. வேண்டாத சாமியில்லை. ஒவ்வொரு வளைவிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

போய்ச் சேர்ந்தபோது பத்துக்கு ஐந்து நிமிடம். பன்னிரண்டாம் நம்பர் சரிவு முழுக்கப் பெண்கள்.

“பறிக்காதீங்க! யாரும் சாப்பிடாதீங்க! மேல வாங்க!” என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

கங்காணி பட்டியலை நீட்டினார். “பேப்பர்ல இருக்கே புள்ள. நேத்து மருந்து அடிச்சது எனக்கும் தெரியும். புது மருந்து போல, நாள கொறச்சிட்டாங்கன்னு நெனச்சேன்.”

“நான்தான் தப்பா அனுப்பிட்டேன்.”

அவர் உடனே விசிலை ஊதினார்.

அம்மா மடியில் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். முடிச்சு அவிழவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தொட்டித் தண்ணீரில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். விரல் இடுக்கெல்லாம் சிவந்திருந்தது. அழுகையை அடக்க முடியவில்லை.

“மருந்து வாட அடிக்கலையாம்மா?”

“அடிச்சிச்சு. கண்ணுகூட எரிஞ்சிச்சு. எறங்க மாட்டோம்னுதான் எல்லாரும் நின்னாளுங்க. நான்தான் சொன்னேன், எம்மவ கம்ப்யூட்டர்ல பாத்து அனுப்புனது, தப்பா இருக்காது, வாங்கன்னு. மொத ஆளா நான் எறங்குனேன்.”