நீல டிரம்முக்குக் காவல்

என் அம்மா என்னை நியாயமில்லாமல் அடித்தது ஒரே ஒரு முறைதான். நியாயத்தோடு அடித்தது நிறைய. அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அந்த ஒரு அடியை இத்தனை வருஷமாக நெஞ்சிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது வந்து, "உங்கம்மா என்ன பொறுமைசாலி!" என்று சொன்னால் போதும். "பொறுமையா? ஒரு நிமிஷம் உட்காருங்க" என்று ஆரம்பித்துவிடுவேன். நீங்களும் உட்காருங்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீடு. ஒரு ஹால், ஒரு உள்ளறை, சமையல்கட்டு, மேலே மொட்டைமாடி, அவ்வளவுதான். அப்பாவோடு கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். மே மாத லீவில் ஒரு சனி, ஞாயிறு எல்லாரும் பிள்ளைகுட்டிகளோடு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவது அவர்கள் வழக்கம். எங்கள் முறை வரும்போதெல்லாம் இடம் போதாது என்று நழுவிவந்த அப்பா, அந்த வருஷம் என்ன தைரியத்திலோ, "பெங்களூருக்கு வாங்க, ஜில்லுன்னு இருக்கும்" என்று போனில் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருபத்தாறு பேர் வந்து இறங்கினார்கள். ஜில் மட்டும் வரவில்லை.

தண்ணீரும் வரவில்லை. எங்கள் தெருவுக்குக் காவேரித் தண்ணீர் தினமும் வராது. வருகிற நாளில் குழாயில் காற்று சீறும். தண்ணீர் வந்துவிட்டதென்று எதிர்வீட்டுக் கன்னடக்கார அக்கா "நீரு பந்த்து!" என ஒரு குரல் கொடுப்பாள், தெருவே குடத்தோடு எழுந்து நிற்கும். அந்த வாரம் வெள்ளி காலை வந்தது. இனி திங்கள்தான். குளிக்க, கழுவ பக்கத்துத் தெருவில் போர் தண்ணீர் உண்டு, ஆனால் கடல் உப்பு. அதில் சோறு பொங்கினால் மஞ்சள் பூத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு என்று அம்மா ஒரு நீல டிரம்மில் கழுத்துவரை காவேரியைப் பிடித்து, பின்கட்டில் வைத்து மூடி, அதற்கு என்னைக் காவல் போட்டாள்.

"யார் கேட்டாலும் தொறக்கக் கூடாது" என்றாள். பிறகு குரலை இறக்கி, "அத்தை கேட்டாலும்" என்றாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அம்மா என்ன சமைத்தாலும் ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்ல இப்படிப் போட மாட்டோம்" என்பாள். பாராட்டின் எல்லை அதுதான். அம்மா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள். அப்புறம் ஒரு வாரத்துக்குப் பாத்திரங்கள் டமால் டமால் என்று விழும்.

நான் வேலையைச் சும்மா செய்யவில்லை. டிரம்மின் உட்பக்கம், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் மேலே, அக்காவின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். சொம்போடு வந்த சித்தப்பாவைத் திருப்பி அனுப்பினேன். அவர் ஹாலுக்குப் போய், "தமிழ்நாட்டுக்குத்தான் தண்ணி விட மாட்டேங்கிறீங்க. தமிழ்நாட்டுல இருந்து வந்தவனுக்குமா விட மாட்டீங்க?" என்று கத்த, இருபத்தாறு பேரும் சிரித்தார்கள்.

எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் மாமா, அத்தையின் வீட்டுக்காரர். ஜோலார்பேட்டைக்காரர். முப்பது வருஷம் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசினாலும் அடுத்த பிளாட்பாரத்துக்குக் கேட்கிற குரல். என்னைப் பார்த்து, "இவ கொடி காட்டாம ஒரு சொம்பு நகராது போல. நம்ம டிபார்ட்மென்ட்டு!" என்றார். அன்றைக்கே எனக்குக் 'கார்டம்மா' என்று பேர் வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டின் மூத்த மாப்பிள்ளை என்பதால் அவருக்கும் அத்தைக்கும் உள்ளறை. மற்றவர்களுக்கு ஹாலும் மாடியும்.

சனிக்கிழமை விடிந்ததும் பாயை விட்டு எழுந்து நேராக டிரம்முக்குப் போனேன். மூடி சரிந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். சிவப்புக் கோடு மேலே இருந்தது. தண்ணீர் என் முழங்கால் மட்டத்துக்குப் போயிருந்தது.

என் கூச்சலில் வீடு எழுந்தது. எழுந்தவர்கள் எல்லாரும் என்மேல் விழுந்தார்கள்.

"காவல் காக்கிற லட்சணமா இது?" என்றார் அப்பா.

"வாண்டுங்களோட சேர்ந்து கொட்டி வெளையாடியிருப்பா" என்றாள் சித்தி.

"டேம் ஒடஞ்சிருச்சுடோய்!" என்றார் சித்தப்பா.

எப்போது பார்த்தாய், எவ்வளவு போயிருக்கிறது என்று ஒரு கேள்வி? ஒருவர் கேட்கவில்லை. பறிகொடுத்தவனையே பிடித்துத் திருடன் என்பதுபோல ஆகிவிட்டது என் நிலைமை. சரி, நானே கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பினேன். வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. வீட்டின் பின்னால் துவைக்கிற கல், அதற்கு மேலே கொடிக்கயிறு. அதில் உள்ளறை ஜமுக்காளம், போர்வை, மாமாவின் வேட்டி. மூன்றும் சொட்டச் சொட்டத் தொங்கின. அத்தை ஜமுக்காளத்தின் ஓரத்தைப் பிழிந்துகொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"போய்ப் பல்லு வெளக்கு, போ" என்றாள்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மா எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த ஆயுதம் இதோ கொடியில் காய்கிறது! ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அத்தை அதற்குள் உள்ளே போயிருந்தாள்.

"பாத்தியா? நம்ம பிரியாணித் தண்ணியில துணி தொவச்சிருக்காங்க!"

அம்மா ஜமுக்காளத்தைப் பார்த்தாள். வேட்டியைப் பார்த்தாள். ஜமுக்காளத்தின் நடுப்பக்கத்தைத் தொட்டு முகர்ந்தாள். பாதி சாத்தியிருந்த உள்ளறைக் கதவைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஹாலுக்குள் ஓடி, "எல்லாரும் கேளுங்க! யாருன்னு தெரிஞ்சிருச்சு, அத்தை..." என்பதற்குள் விழுந்தது அறை. கன்னத்தில், காது கொய்யென்று.

"பண்றதையும் பண்ணிட்டுப் பெரியவங்க மேல பழி போடறியா?" என்றாள் அம்மா. பிறகு எல்லாரையும் பார்த்து, "இவதான் வெளையாட்டுல கொட்டியிருக்கா. இவளை நம்பி விட்டேன் பாருங்க, என் தப்பு" என்றாள்.

அத்தை உள்ளறை வாசலில் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அம்மாவின் உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்றாள். இரண்டாவது பாதி வரவில்லை. அன்று முழுவதும் அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். வெட்கமில்லாமல் இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஞாயிறு மதியம் பந்தி. பாதிக் காவேரி, பாதி உப்பில் வெந்த பிரியாணி. என் கையில் தண்ணீர்ச் செம்பு. நான் ஒவ்வொரு இலையாக வரவர, சித்தப்பா விட்டாரா? "பாத்துக் குடிங்கப்பா, பாப்பா வெளையாட்டுல மேல ஊத்திடப் போவுது!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் செம்பைத் தரையில் வைத்தேன்.

"நான் கொட்டல. யாருன்னு எனக்குத் தெரியும்."

அத்தையின் கை இலையிலேயே நின்றது. அம்மா கரண்டியோடு சமையல்கட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. அடிக்கிற முகம் இல்லை, கெஞ்சுகிற முகம். எனக்கு அதைப் பற்றி என்ன? வாயைத் திறந்தேன்.

"நான்தான்" என்றது ஒரு குரல். மாமா. அடுத்த பிளாட்பாரத்துக்குக் கேட்கும் அந்தக் குரல் பக்கத்து இலைக்கே சரியாகக் கேட்கவில்லை. "விடிகாலைல கால் கழுவப் போனேன். எந்த டிரம்முன்னு தெரியல. கொட்டிருச்சு. கார்டு மேல தப்பில்ல."

ஒரு நொடிதான். அப்புறம் வீடு அதிர்ந்தது.

"அட, மாமாவா!" என்றார் சித்தப்பா. "மாப்பிள்ளைக்கு இல்லாத தண்ணியா!"

"அதுக்கென்ன மாமா, வீடே உங்களுது" என்றார் அப்பா.

கேட்டீர்களா நியாயத்தை? பத்து வயசுப் பெண் கொட்டினால் குற்றம். அறுபது வயசு மனுஷன் கொட்டினால் தமாஷ். என்னைத் திட்டிய வாய் ஒன்றாவது, தப்பாச் சொல்லிட்டோம் பாப்பா என்று சொல்லியிருக்க வேண்டாமா? மாமா மட்டும் என்னைப் பார்த்து, "இப்ப சரியா, கார்டம்மா?" என்றார்.

"இல்ல" என்றேன். அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியுமே.

"நியாயந்தான்" என்றார் மாமா.

அதற்கப்புறமும் வருஷா வருஷம் கூடினோம். ஆனால் மாமா எந்த வீட்டிலும் இரவு தங்கவில்லை. காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் போய்விடுவார். அவர் காலமான பிறகு ஒருநாள் அத்தைதான் அம்மாவிடம் சொல்லி அழுதாள். படுக்கையில் தன்னை அறியாமல் ஒன்றுக்குப் போய்விடுகிற சீக்கு அவருக்கு அந்தக் கோடையில்தான் ஆரம்பித்ததாம். "அன்னிக்கு நீ அவர் மானத்தைக் காப்பாத்துன" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நானும் இருந்தேன். என் கன்னத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அத்தை போனதும் கேட்டேன். "அடிக்காம, காதுல சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? எதிர்வீடு வரைக்கும் போயிருக்கும்" என்றாள் அம்மா. "வேற யார் மேல போட்டாலும் திருப்பிக் கேப்பாங்க. நீ எம் பொண்ணு."

அது உண்மைதான். உண்மை என்பதால் கோபம் குறைந்துவிடுமா என்ன?

ஆனால் அந்தப் பந்தியில் நடந்த இன்னொன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. சிரிப்பு ஓய்ந்ததும் செம்பை எடுத்துக்கொண்டு மாமாவின் இலைக்கு வந்தேன். மே மாத வெயில், காரமான பிரியாணி, நெற்றியெல்லாம் வேர்வை. மற்ற எல்லாரும் இரண்டாவது டம்ளர், மூன்றாவது டம்ளர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய டம்ளர் மட்டும் கவிழ்த்துவைத்தபடியே இருந்தது. முந்தின நாளிலிருந்தே அவர் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கவில்லை என்பதைக் காவல்காரியான நான் கவனித்திருந்தேன். நான் செம்பைச் சாய்க்கப் போனேன். "வேணாம்மா" என்று அவசரமாக டம்ளரின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

அத்தை வீணாக்கின தண்ணீருக்கு இவராவது ஈடு கட்டுகிறாரே என்று நினைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.