கன்னத்து நரம்புக் கட்டி

முகத்தில் கத்தி வைப்பவனுக்கு ரத்தத்தைவிட நரம்பின்மேல்தான் பயம் அதிகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சேலம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் அறுத்தும் தைத்தும் காலம் தள்ளிய சகாக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எந்தப் பக்கம் நகர்கிறது

எடப்பாடி நெசவாளி செங்கோடனுக்கு வலது கன்னத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. பெருநோய், அதாவது குஷ்டம், என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. மாமனார் வந்து அவர் மனைவி பாவாயியையும் மூன்று வயது மகனையும் நாமகிரிப்பேட்டைக்கு அழைத்துப் போய் ஏழு மாதமாகியிருந்தது.

கட்டியை மேலும் கீழும் தள்ளினேன், நகர்ந்தது. காதிலிருந்து வாய்ப்பக்கமாகத் தள்ளினேன், அசையவில்லை. காதிலிருந்து வாய்க்கு ஓடும் நரம்பில் விழுந்த முடிச்சு அப்படித்தான் நிற்கும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டேன். தொட்ட இடமெல்லாம் சரியாகச் சொன்னார்; பெருநோயென்றால் அங்கே உணர்ச்சி மரத்திருக்கும். இது பெருநோய் அல்ல, நரம்பின் உறையில் வளர்ந்தது, யாருக்கும் ஒட்டாது, எடுக்காமலே விடலாம் என்றேன். அவர் கட்டியைத் தொட்டுக் காட்டினார்.

"உங்களுக்குத் தெரியுதுங்க. என்ற மாமனாருக்குக் கண்ணுல தெரியோணுமுங்களே."

நூல் உறிஞ்சும் உதடு

எடுத்தால் வாய் கோணலாம் என்று எச்சரித்தேன். அழகைப் பற்றி அவர் கேட்கவில்லை. தறியில் குறுக்கே ஓடும் நாடாவின் கண்ணில் நூலை வாயால் உறிஞ்சித்தான் கோக்க வேண்டும். உதடு குவியாவிட்டால் தறி நின்றுபோகும், கூப்பிட்டாலும் பெண்டாட்டி எதை நம்பி வருவாள் என்றார். மகனுக்கென்று ஒரு சின்னத் துண்டு நெய்துகொண்டிருந்தாராம். எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று தெரியாமல் நீளத்தை இரண்டு தடவை மாற்றினாராம்.

தோலை மட்டும் மரக்கச் செய்து, அவர் விழித்திருக்கும்போதே அறுத்தேன். உறையைக் கீறி, நரம்பிழைகளை ஒதுக்கி, கட்டியை மட்டும் பிதுக்கி எடுக்க வேண்டும். அவ்வப்போது நூல் உறிஞ்சுவதுபோல் செய்யச் சொன்னேன். உதடு குவிந்தது. கட்டி கிண்ணத்தில் விழுந்த பிறகும் குவிந்தது. தறிக்குப் பயமில்லை என்றேன்.

"தறி கெடக்குதுங்க. நாமகிரிப்பேட்டை பஸ்ஸு எத்தன மணிக்குங்க?"

தழும்பு

இரண்டு மாதம் கழித்து மூவருமாக வந்தார்கள். மாமனாரே தாயையும் பிள்ளையையும் எடப்பாடிக்குக் கொண்டுவந்து விட்டாராம். தழும்பு காதோர மடிப்பில் மறைந்திருந்தது. நான் என் கைவேலையை ரசித்துக்கொண்டிருந்தேன். செங்கோடன் கையை நீட்டினார். பையன் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நீட்டிய கை அப்படியே இருந்தது. ஏன் என்று பாவாயியைக் கேட்டேன்.

"முன்னெல்லாம் இவிங்க கட்டியப் புடிச்சுட்டுத்தானுங்க சாமி, பையன் தூங்குவான். இப்பக் கன்னத்தத் தடவிப் பாத்துட்டு, எங்கப்பன் எங்கேன்னு இவிங்ககிட்டயே கேக்கறானுங்க."

கட்டியை எடுக்கத்தான் எங்களுக்குப் படிப்பு, அதைத் தேடும் கைக்குக் கொடுக்க எங்கள் மருந்து அலமாரியில் ஒன்றும் இருந்ததில்லை.