பழனிக்குப் புறப்பட்ட காற்று வண்டி

1. சுவரில் ஓட்டை

திண்டுக்கல்லில் நான் ஃபிட்டராக இருந்த ஒர்க் ஷாப்பின் பின்சுவரில் ஒருநாள் காலை ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. லாரியிலிருந்து இறக்கும்போது ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று கைநழுவி, வால்வு கல்லில் மோதி ஒடிந்துவிட்டது. உள்ளே அடைபட்டிருந்த வாயு சீறிக்கொண்டு வெளியேற, சிலிண்டர் வாணம் போலத் தரையில் ஓடிச் சுவரைத் துளைத்தது. அடுத்த வீட்டுக் கொல்லையில் காய்ந்த வேட்டிகளைச் சுருட்டிக்கொண்டு எருக்குழியில் சொருகி நின்றது. யாருக்கும் அடி இல்லை. நாங்கள் எல்லோரும் லேத்துக்குப் பின்னால் படுத்திருந்தோம்.

முதலாளி பொன்னுச்சாமி மட்டும் ஓட்டை வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வீட்டுக்காரர் போட்ட சத்தம் அவர் காதில் விழவே இல்லை.

"ஏலே சூசை, சக்கரம் இல்லாமலே இம்புட்டு தூரம் போயிருக்கே. சக்கரம் இருந்தா?" என்று என்னைக் கேட்டார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அந்தக் கேள்வி எங்களை மாதக்கணக்கில் ஆட்டிவைத்தது.

2. மதுரைக் காற்று

பெட்ரோலுக்குப் பதில் அடைத்து வைத்த காற்றிலேயே வண்டி ஓட்டுவது என்று முதலாளி ஒரு பழைய காரை வாங்கி வந்தார். கார்புரேட்டரையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றினோம். பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் காற்று உள்ளே போகிற மாதிரி வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டை மாற்றிச் செய்தேன். பின்சீட்டில் பாதியையும் டிக்கியையும் சிலிண்டர்கள் பிடித்துக்கொண்டன. முதன்முதலாக வண்டி புஸ், புஸ் என்று முற்றத்தைச் சுற்றி வந்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"புகை கெடையாது, தீப்புடிக்காது, பெட்ரோலுக்கு எவன்கிட்டயும் நிக்க வேணாம். காத்து ஊரு பூரா கெடக்குலே!" என்றார் முதலாளி.

ஊர் பூராவும் கிடந்த காற்று எங்களுக்குப் பயன்படவில்லை. எங்கள் டயர் கம்ப்ரஸர் தந்த ப்ரஷரில் எஞ்சின் இரண்டு சுற்று சுற்றிப் படுத்துக்கொண்டது. பெரிய கம்ப்ரஸர் மதுரையில்தான் இருந்தது. சிலிண்டர்களை லாரியில் மதுரைக்கு அனுப்பி, காற்று அடைத்துத் திரும்பக் கொண்டுவந்தோம். முற்றத்தைச் சுற்றியதும் அந்தக் காற்றில்தான்.

முதலாளியின் மனைவி சரசு அக்கா, லாரி வந்து நிற்பதைப் பார்த்தார்.

"ஏங்க, மதுரைக் காத்து தானா இங்கிட்டு வராதா? லாரி வச்சுத்தான் கூட்டியாரணுமா?"

"அது ப்ரஷர் காத்து. ஒனக்குப் புரியாது."

"டீசலை எரிச்சுக் காத்தக் கொண்டாந்து, பெட்ரோல மிச்சம் புடிக்கிறீக. அது நல்லாப் புரியுது."

முதலாளி அசரவில்லை. லேத்தையும் ட்ரில்லிங் மிஷினையும் விற்றுவிட்டு, இனிமேல் காற்று வண்டி மட்டுமே செய்வது என்று முடிவெடுத்தார். வாங்குவதற்கு ஆளும் பேசி வைத்தாயிற்று. லேத்து போனால் ஒர்க் ஷாப்பில் எங்கள் யாருக்கும் வேலை இருக்காது.

சரசு அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "இந்த வண்டியில என்னையப் பழனிக்குக் கூட்டிட்டுப் போங்க. போய்ச் சேந்தா லேத்த வித்துக்கங்க. நடுவுல நின்னுச்சுன்னா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

முதலாளி கை அடித்துக் கொடுத்தார். எனக்குத்தான் இரண்டு பக்கமும் இடி. வண்டி ஓடினால் என் வேலை போகும். ஓடாவிட்டால் என் கைவேலை சந்தி சிரிக்கும்.

3. டீ குடித்த எஞ்சின்

சித்திரை வெயிலில் புறப்பட்டோம். முதலாளி ஓட்டினார், பக்கத்தில் நான், பின்னால் சிலிண்டர்களோடு ஒடுங்கிக்கொண்டு சரசு அக்கா. ஊர் எல்லை வரை ஜனங்கள் கைதட்டினார்கள். பாலத்து ஏற்றத்தில் மட்டும் சிலிண்டர்களின் கனம் தாங்காமல் வண்டி திணற, நான் இறங்கித் தள்ளினேன்.

கன்னிவாடிக்கு ரோடு பிரியும் இடத்தை நெருங்கும்போது புஸ் சத்தம் மெலிந்து, வண்டி நின்றது. பானெட்டைத் திறந்தால், காற்றின் ப்ரஷரைக் குறைத்து எஞ்சினுக்கு அனுப்பும் ரெகுலேட்டரைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பனி. அடைத்து வைத்த காற்று விரியும்போது குளிர்ந்துபோகும். அதிலிருந்த ஈரம் உறைந்து குழாயை அடைத்துவிட்டது. ரோட்டில் தார் உருகிக்கொண்டிருக்க, எங்கள் வண்டி குளிர் தாங்காமல் நின்றது.

சரசு அக்கா பனியைச் சுரண்டி நெற்றியில் வைத்துக்கொண்டார். "வண்டி எப்படியோ, ஐஸு நல்லா வருதுங்க."

நான் டீக்கடைக்கு ஓடி வெந்நீர் கேட்டேன்.

"வெந்நி இல்லண்ணே. அம்புட்டையும் டீயாப் போட்டுட்டேன்" என்றார் கடைக்காரர்.

"டீயவே குடுங்க. எஞ்சினுக்குத்தான்."

அவர் எட்டி வண்டியைப் பார்த்தார். "சீனி போட்டதா, போடாததா?"

டீயை ஊற்றியதும் பனி இளகியது. வண்டி மறுபடி கிளம்பியது. செத்த தூரம்தான். இந்த முறை மிச்சக் காற்றைக் காட்டும் கேஜின் முள்ளே கீழே கிடந்தது. முதலாளி அதன் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு சோதனைக்கும் மதுரைக்கு லாரி அனுப்ப வேண்டியிருந்ததால், முற்றத்தைத் தாண்டி நாங்கள் ஓட்டிப் பார்த்ததே இல்லை.

சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி அக்கறையோடு விசாரித்தார்.

"காத்துதானண்ணே தீந்துபோச்சு? எங்கிட்டப் பம்பு இருக்கு. அடிக்கட்டுமா?"

நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். முதலாளியின் முகத்தைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பேன், அங்கேயே வேலை போயிருக்கும்.

4. அரோகரா

சற்றுத் தள்ளிப் புளியமரத்தடியில் பழனி பஸ் ஒன்று நின்றது. பஞ்சரான டியூபுக்கு ஒட்டுப் போட்டாயிற்று, பம்புதான் வேலை செய்யவில்லை. மொட்டை போடப் போகிற குடும்பங்கள் குழந்தைகளோடு வெயிலில் வாடிக்கொண்டிருந்தன.

முதலாளி வண்டியிலிருந்து ஹோஸைக் கழற்றினார். எஞ்சினைச் சுழற்றப் போதாத காற்று, டயருக்குத் தாராளமாக இருந்தது. சிலிண்டரைச் சுமந்து போய் அடித்தோம். டயர் கிண்ணென்று நின்றது. "அரோகரா!" என்று பஸ்ஸே அதிர்ந்தது. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து முதலாளி அப்போதுதான் சிரித்தார்.

பஸ் டிரைவர் முதலாளியையும் அக்காவையும் முன்சீட்டில் உட்கார வைத்தார். ஜன்னலிலிருந்து முதலாளி கத்தினார்: "சூசை, வண்டியப் பாத்துக்கலே!"

"அது எங்க மொதலாளி போகப்போகுது?" என்றேன்.

மறுநாள் மொட்டைத் தலையோடு வந்த முதலாளி நேரே வழக்குக்கு நின்றார். "பழனி போய்ச் சேந்தோம்ல? காத்துலதான் போனோம். பஸ் டயருக்குள்ள இருந்தது யாரு காத்து?"

"நாம சேந்தோம். வண்டி சேரலியே" என்றார் அக்கா. லேத்து பிழைத்தது. நாங்களும் பிழைத்தோம்.

அதன்பிறகு எத்தனையோ பேர் புதுப்புது எஞ்சின்களோடு என்னிடம் வந்தார்கள். முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டாத எஞ்சினே இல்லை. நான் அதைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்பேன்: "நடுரோட்டில் தீர்ந்துபோனால் எங்கே நிரப்புவீர்கள்?" அதற்குப் பதில் இருந்தால்தான் ஸ்பானரைக் கையில் எடுப்பேன்.