மேலூர் ரோட்டுக்குக் கொண்டுபோன கரும்பு

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். எழுபது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் எழுதப் படித்தவன் நான். நோட்டுப் பக்கத்தை மருமகள் போட்டோ எடுத்து அப்படியே இங்கே போடுவதால், கோணல்மாணல் எல்லாம் உங்கள் கண்ணில் படும். இவ்வளவு எழுத இரண்டு நாள் ஆயிற்று. ஆனாலும் எழுதுவது எனக்குச் சந்தோஷம்தான். எழுதப்போகிற விஷயத்தில்தான் சந்தோஷம் இல்லை.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு தங்கை லட்சுமிக்குச் சீர் கொண்டுபோனேன். அவளைக் கட்டிக்கொடுத்ததிலிருந்து ஒரு வருஷமும் விட்டதில்லை. ஸ்ரீரங்கத்தைத் தாண்டி மேலூர் ரோட்டில் ஓட்டு வீட்டில் இருந்தாள். போன ஆவணியில், அதே ரோட்டில், நான் போயிராத கடைசிப் பக்கத்தில் மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனாள். கிரகப்பிரவேசத்தன்று எனக்குக் காய்ச்சல். அதனால் புது வீட்டுக்கு இதுதான் முதல் பயணம்.

காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய பழக்கத்தில் நல்ல கரும்பாகப் பொறுக்கினேன். ஒரு ஜோடி. கூடவே மஞ்சள் கொத்து, வெல்லம், பச்சரிசி. பாலக்கரையில் காலை ஒன்பது மணிக்கு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய், கரும்புக்கு லக்கேஜ் தனி.

“பெரியவரே, தோகை அந்தம்மா கண்ணக் குத்துது, சாச்சுப் புடிங்க” என்று கண்டக்டர் சொல்லிக்கொண்டே வந்தார். நான் கடை போர்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் வெறும் படமாகப் பார்த்த கடைகளுக்கு இப்போது பெயர் இருக்கிறது! காவிரிப் பாலம் வரும்வரை ஒன்றையும் விடவில்லை.

ஸ்ரீரங்கத்தில் இறங்கி ஆட்டோ. மூன்று கிலோமீட்டர், எண்பது ரூபாய்.

“இங்கெல்லாம் வாழத்தோப்புல்ல இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“அது எங்கப்பா காலம்” என்றார் ஆட்டோக்காரர். “தோப்பு வச்சிருந்தவங்க வித்துட்டுப் போயிட்டாங்க. தார் வெட்ட வந்தவங்க இப்ப கேட்ல வாட்ச்மேனா நிக்கிறாங்க.”

தோப்பு இருந்த இடத்தில் இப்போது நிற்கும் அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெரிய வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள். பிள்ளைகள் அமெரிக்காவிலும் சென்னையிலும். அடுத்த கட்டடத்தைக் கட்ட வந்த வடநாட்டுக்காரர்கள் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். மளிகைக் கடை போர்டில் அவர்களுடைய எழுத்தும் இருந்தது, அதை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அந்த வீடுகளுக்கு வாடகை எவ்வளவு என்று ஆட்டோக்காரரிடம் விசாரித்தேன். என் மகன் மாதம் முழுக்க வெல்டிங் செய்து வாங்குகிற சம்பளம் அது.

இதைக் கேட்டபோதே எனக்குள் ஏதோ சுருங்கிவிட்டது.

கேட்டில் வாட்ச்மேன், “கரும்பா? விக்கிறவங்க பின்பக்கப் படியில போங்க” என்றார். விற்க வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பின்பக்கம் போனேன்.

மூன்றாவது மாடி. பளபளவென்று வெள்ளைத் தரை, அதன்மேல் என் தோகைச் சருகு. லட்சுமியின் வீட்டு நம்பரை நானே படித்துக் கண்டுபிடித்தேன். மணியை அழுத்தப் போகும்போது எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்தார்.

“ஏம்ப்பா, ஜோடி எவ்ளோ?”

என் அழுக்கு வேட்டியைப் பார்த்தேன். இவன்தான் லட்சுமியின் அண்ணன் என்று தெரிந்தால் நாளைக்கு அவளை எப்படிப் பார்ப்பார்கள்?

“நூத்தம்பது ரூவாம்மா.”

“நூத்தியிருபதுக்குத் தாயேன்.”

“சரிங்கம்மா.”

பேரம் வேறு படிந்துவிட்டது. அவர் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கரும்போடு உள்ளே போனதும் மணியை அழுத்தினேன்.

“வாண்ணே!” என்று லட்சுமி முகம் மலர்ந்தாள். “கரும்பு எங்கண்ணே?”

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா மறுபடி எட்டிப் பார்த்தார். “லட்சுமி, நான் ஒரு ஜோடி வாங்கிட்டேன். நல்ல கரும்பு. வேணும்னா இவர்கிட்டயே சொல்லு, கொண்டுவருவார்.”

லட்சுமி என் கையிலிருந்த மஞ்சள் கொத்தைப் பார்த்தாள். “அது விக்கிற கரும்பு இல்லீங்க மாமி. எங்கண்ணன் எனக்குக் கொண்டாந்த சீரு.”

“ஐயையோ! அவரேதானே வெல சொன்னார்?”

லட்சுமி என் பக்கம் திரும்பினாள்.

அந்த அம்மா பதறிப்போய்க் கரும்பைக் கொண்டுவந்து கொடுத்தார். லட்சுமி என் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். பிறகு கரும்பை உள்ளே கொண்டுபோகாமல், மாடி முழுக்கத் தெரியும்படி வாசலின் இரண்டு பக்கமும் சாத்திவைத்தாள்.

சாப்பிடும்போதுதான் கேட்டாள். “ஏண்ணே அப்படிப் பண்ணுன?”

“ஒன் மரியாதை போயிரக்கூடாதேன்னு...”

“எங்கண்ணன் சீரோட வரும்னு பத்து நாளா இந்த மாடி முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன். நீ என் மரியாதய நூத்தியிருபதுக்கு வித்துட்டு வந்து நிக்கிற.”

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன். அவளும் வற்புறுத்தவில்லை.

இந்த மாதிரிப் பயணம் போகிறவர்களுக்கு: கரும்பை நடுவில் இரண்டு இடத்தில் கட்டுங்கள். ஒன்பது மணிக்கு முன்பே ஏறினால் பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்கும். ஆட்டோக்காரர் நூறு கேட்பார், எண்பதுக்கு வருவார். கேட்டில் யார் வீடு, என்ன உறவு என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். நேரம் போகப் போக அது சொல்ல முடியாததாகிவிடுகிறது.

அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வந்துவிட்டேன், அதுவும் பின்பக்கப் படியில். காணும் பொங்கலன்று மறுபடி போகிறேன். அவருடைய வாசலில் நின்று, லட்சுமியின் அண்ணன் நான் என்று என் வாயால் சொல்ல வேண்டும். சொன்னேனா என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன். சொல்லாமல் வந்துவிட்டால் அதையும் எழுதுவேன்.